மாட்டுக்குக் கிடைத்த நிழல்

எங்கள் தீவில் ரிவியேர் டு ராம்பார் ஊர்ப்பக்கம் நாங்கள் சிறு கரும்புத் தோட்டக்காரர்கள். வெட்டுக் காலத்தில் மாட்டுவண்டியோடு ஆலை வாசலில் எங்கள் முறைக்காக நாள் முழுக்க வெயிலில் காய்வோம். குறை கேட்கச் சர்க்கார் துரை வந்தபோது, "உன் சொந்தக் கதையச் சொல்லு தம்பி, அதுதான் எடுபடும்" என்று ஊரார் என்னைக் கோயில் மேடையில் ஏற்றிவிட்டார்கள்.

அந்த வெயிலில் மாடும் நானும் மயங்கி விழுந்த கதையைச் சொன்னேன். "மொதல்ல மாடு சாஞ்சுது" என்றதுதான் தாமதம். அதே மேடையில் கூத்து நடக்கும்போது யார் விழுந்தாலும் கீழே உட்கார்ந்திருக்கும் பெண்கள் ஒப்பாரி வைக்க வேண்டும். அது எங்கள் ஊர் வழக்கம். வைத்தார்கள். "வண்டி இழுத்த என் ராசாவே!" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். "நானுந்தான் விழுந்தேன்!" என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

துரை தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். செத்ததாக எல்லோரும் அழுத மாடு வெளியே புல் தின்றுகொண்டிருந்தது.

"மாடு உசுரோட இருக்கு மிசியே!" என்றேன் துரையிடம். மொழிபெயர்க்க வந்தவர் அதைச் சொல்லவில்லை. அவரும் அழுதுகொண்டிருந்தார்.

அடுத்த வெட்டுக்குள் ஆலை வாசலில் கொட்டகை வந்துவிட்டது. மாடுகளுக்கு மட்டும். மனிதன் உள்ளே கால் வைத்தால் காவற்காரன் விரட்டுவான். என் மாடு நிழலில் அசைபோட, நான் வெயிலில் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். அன்று எல்லோரையும்விட உரக்க அழுதவள் அந்த வழியாக வந்தாள். என்னைப் பார்த்து நின்று, மிகுந்த அக்கறையோடு கேட்டாள்:

"மாடு சௌக்கியமா தம்பி?"