சுத்தமான திரை

மலைச்சரிவில் இருக்கும் எங்கள் வானொலி வானியல் நிலையத்தில் எனக்குத் திருடன் பிடிக்கிற வேலை. வானத்திலிருந்து வரும் அலைகள் ஆன்டெனாவில் வந்து சேரும்போது குற்றுயிராக இருக்கும். கீழே எந்த வீட்டிலாவது ஒரு பழைய டியூப்லைட் சோக்கு கெட்டால் போதும், எல்லாம் அந்த இரைச்சலில் மூழ்கிவிடும். கல்யாண வீட்டு ஒலிபெருக்கியின் கீழே நின்று ரகசியம் கேட்கிற கதைதான். அப்படி இரைச்சல் வந்தால் கையில் சின்ன ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு நான் வீடு வீடாகத் தேடிப் போக வேண்டும். கீரிப்பாறைப் பக்கம் எனக்குக் 'கரண்டு போலீசு' என்று பெயர். பெண் போலீசு என்பதால் கொஞ்சம் மரியாதையும் உண்டு.

போன வருடம் கணினித் திரையில் புதிதாக ஓர் இரைச்சல் கோடு விழுந்தது. இரவு பகல் ஓயவில்லை. ரப்பர் மரங்களுக்கு இடையே அதைத் தொடர்ந்து போனேன்; ஓர் ஓட்டு வீட்டில் கொண்டுபோய் நிறுத்தியது. உள்ளே கட்டிலில் ஒருவர் மூக்கில் குழாயோடு கிடந்தார். எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டி ஓய்ந்தவர், நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வளைகுடாவில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்ததாம்.

"இத நிறுத்தச் சொல்லவா வந்திய மக்களே?" என்றார் அவர் மனைவி. "நிறுத்துனா அவியளுக்கு மூச்சு நிக்கும்."

பதறிப்போய், அதற்கில்லை, இந்த மெஷின் போடும் சத்தம் மலைமேல் எங்களுக்குக் கேட்கிறது, அதைத்தான் பார்க்க வந்தேன் என்றேன்.

கட்டிலில் கிடந்தவர் சிரித்தார். "அப்பம், நான் மூச்சு விடுகது மேல கேக்குமா?"

கேட்பது மெஷின்தான், மூச்சல்ல. அதைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை. அடுத்த ஞாயிறே அந்த அக்கா சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்: "எங்க வீட்டு ஆளு மூச்சு விடுகத மேல கம்ப்யூட்டர்ல பாக்காவ."

உண்மையில் பார்க்கத்தான் செய்தேன். காலையில் வந்ததும் முதல் வேலை அந்தக் கோடு இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால்தான் டீ இறங்கும். ஆனால் ஆராய்ச்சி செய்கிறவர்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? அவர்கள் பல வருடங்களாகத் தொடரும் வேலை அதில் பாழாகிக்கொண்டிருந்தது. குறை சொல்ல முடியாது.

இரைச்சலைத் தடுக்கும் ஒரு வடிகட்டிப் பெட்டி செய்து எடுத்துப் போனேன். மெஷினுக்குப் போகும் மின்வயரில் அதை மாட்டும்வரை அவருக்கு சிலிண்டரிலிருந்து காற்று கொடுத்தோம். அக்கா என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டே நின்றார். மெஷின் மறுபடி ஓடியது. மலைமேல் கோடு மறைந்து திரை துடைத்துவிட்டதுபோல் ஆனது. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். எனக்கு மட்டும் சாவு வீட்டுக்குப் போய் வந்தது மாதிரி இருந்தது. பைத்தியக்காரி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

சில மாதம் கழித்து, யாரோ பார்க்க வந்திருப்பதாக வாசலிலிருந்து காவலாளி கூப்பிட்டார். போனால் அந்த அக்கா, வெள்ளைச் சேலையில். துடைத்துச் சுத்தமாக்கிய பெட்டியை ஒரு ஜவுளிக்கடைப் பையில் வைத்திருந்தார்.

"இனி இது எதுக்கு மக்களே? உங்க சாதனம்லா."

போன வாரம் அடக்கம் முடிந்துவிட்டதாம். அந்த வாரம் முழுக்க நான் திரைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன்.

பையிலிருந்து பெட்டியை எடுத்து நீட்டப் போனவர் நின்றார். "ஒண்ணு கேக்கட்டா? அவிய போனப்பம், இங்க உங்களுக்கு ஏதும் தெரிஞ்சுதா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வாய் வரவில்லை.

"ஒண்ணும் தெரியல்ல அக்கா."

அவர் பெட்டியை ஒருமுறை தடவிப் பார்த்தார். "அப்பம் இது நல்லா வேல செஞ்சிருக்கு, என்னா?" என்று சொல்லி அதை என் கையில் வைத்தார்.