அடிக்கு அடி இங்கிலீஷ்

எவர்சில்வர் தம்ளர் சுவரில் மோதி சிமெண்டுத் தரையில் உருளும் சத்தம் கேட்டாலே, அடுத்து எந்த இங்கிலீஷ் வார்த்தை வரும் என்று பத்து வயதில் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடப் பக்கமே போகாதவள் நான், இன்றைக்கும் கைநாட்டுதான். பருத்திப்பட்டு ஏரிக்கரைக் குடிசையிலிருந்து, ஆவடி குவார்ட்டர்ஸ் ஒன்றில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டிருந்தார்கள். அந்த வீட்டுக் காபி இருக்கிறதே, சரி, அது கிடக்கட்டும். அந்த வீட்டு சாரும் அக்காவும் அக்கம்பக்கத்துக்குப் புரியக்கூடாதென்று இங்கிலீஷிலேயே சண்டை போடுவார்கள். அக்கம்பக்கம் முழுக்க இங்கிலீஷ் படித்தவர்கள்!

"சண்ட வந்தா பாத்துகினு நிக்காதமே, புள்ளைய தூக்கிகினு வெளிய ஓடியாந்துடு" என்று என் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அதனால் வார்த்தைகளைக் கவனிப்பதே என் வேலை. அக்கா "டூ யூ நோ" என்று ஆரம்பித்தால் அது வெறும் சேதி, சார் எங்கே யாரோடு குடித்தார் என்பது; பெரும்பாலும் தம்ளர் வீச்சோடு போய்விடும். சார் "அண்டர்ஸ்டாண்ட்?" என்றால் இடுப்பு பெல்ட் கழன்றுவிட்டது என்று அர்த்தம், அடிக்கு ஒரு தடவை கேட்பார். "ரியலைஸ்" மட்டும் அடி ஓய்ந்த பிறகு, மூக்கைச் சிந்திக்கொண்டே அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொள்வது.

ஒருநாள் அவள் வீங்கின கன்னத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே கேட்டேன்: "மூணுத்துக்கும் இன்னாக்கா வித்தியாசம்?"

"நோன்னா தெரியறது. அண்டர்ஸ்டாண்டுன்னா புரியறது. ரியலைஸ்னா, தெரிஞ்சு புரிஞ்சு கிடந்தது ஒருநாள் மண்டையில உறைக்கிறது."

"உனுக்கு இன்னும் உறைக்கலியாக்கா?"

கிழிந்த உதட்டில் ரத்தம் கசியக் கசியச் சிரித்தாள்.

மறுநாள் சாயங்காலம் பெல்ட் ஓங்கியபோது அக்கா அம்மிக்குழவியை எடுத்து அவர் மணிக்கட்டில் ஒரே போடாகப் போட்டாள். முறுக்கு நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம், அடடா! "அண்டர்ஸ்டாண்ட்?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை. குழந்தையை அவள் தூக்கிக்கொள்ள, பையை நான் சுமந்துகொண்டு அண்ணனூர் ஸ்டேஷன் வரை ஓடினோம். ரயில் ஏறும்போது, எந்த ஊருக்குப் போகிறாள் என்று என் காதில் சொன்னாள்.

கட்டுப் போட்ட கையோடு சார் எங்கள் குடிசைக்கே வந்துவிட்டார்.

"எங்கடி போனா? உனக்குத் தெரியும்."

"தெரியாது சார்."

நல்ல கையால் தலைமுடியைப் பிடித்து, என் முகத்தைச் சுவரில் மோதினார். ஒரு பல் தெறித்தது. மறுபடி கேட்டார். ரத்தத்தைத் துப்பிவிட்டு மறுபடி தெரியாது என்றேன். என் அம்மா அரிவாள்மனையோடு ஓடிவந்து, "இன்னா சாரே, மிச்சம் கீற கைக்கும் கட்டுப் போட்டுகினு போறியா?" என்ற பிறகுதான் விட்டார்.

இப்போது அந்தக் குவார்ட்டர்ஸ் இடிந்து, ஜன்னலுக்குள்ளிருந்து அரசமரம் எட்டிப் பார்க்கிறது. எங்கள் குடிசை இருந்த இடத்தில் அபார்ட்மெண்ட். சார் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்கிறார்கள். அதனால் அக்கா என் காதில் சொன்ன ஊர்ப்பெயரை இங்கேயும் சொல்வதற்கில்லை.