சத்தத்தைக் கூட்டு

என் நோயை முதலில் கண்டுபிடித்தது ஒரு டிவி. நான் அதை நம்பவில்லை. அதற்குத்தான் கோளாறு என்று கம்பெனிக்குப் புகார் அனுப்பினேன்.

மதுரையில் ஒரு மின்சாதனக் கடையில் டிவி விற்பது என் வேலை. கையை அசைத்தாலே சேனல் மாறும் ரகம் ஒன்று புதிதாக வந்திருந்தது. ரிமோட்டைத் தேட வேண்டாம், பிள்ளைகள் போட்டு உடைப்பார்கள் என்ற பயமும் வேண்டாம் என்று சொல்லி விற்பேன். ஆனால் நான் எதிரே நின்றாலே அது தன்பாட்டுக்குச் சேனலை மாற்றியது. வாடிக்கையாளர்கள் முன்னால் மானம் போயிற்று.

கம்பெனி மெக்கானிக் வந்து பார்த்தார். நான் சாப்பிடப் போன நேரமெல்லாம் டிவி பரம சாதுவாக இருந்திருக்கிறது. நான் திரும்பி வந்து நின்றதும் தாவத் தொடங்கியது. அவர் டிவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“அண்ணே, ஒங்க வலது கையப் பாருங்க.”

தொங்கிக்கொண்டிருந்த கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல ஆடிக்கொண்டிருந்தன. நான் ஆட்டவில்லை. சட்டென்று கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

நானும் என் மனைவியும் கே.கே. நகரில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். என் மகள் வயதிருக்கும் அவருக்கு. விரல்களை மடக்கி விரிக்கச் சொன்னார், வராந்தாவில் நடக்கவிட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்: “கை இருக்கட்டும் சார். குரல் எப்ப இருந்து இப்படி இருக்கு?”

என் குரலுக்கு என்ன என்று நான் விழித்தேன். என் மனைவி செல்விதான் பதில் சொன்னாள்.

“ஒரு வருசமாவே முணுமுணுன்னுதான் பேசுறாரு டாக்டர். எம்மேல என்னமோ கோவம்னு நெனச்சுக்கிட்டேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்குக் காது மந்தமாகிவிட்டது, காது டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பார்க்கின்சன் (மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் குறைந்து, உடலின் அசைவுகள் மெதுவாகிச் சுருங்கும் நோய்) என்றார் மருத்துவர். கையில் இருப்பது ஓய்வு நடுக்கம் (கை சும்மா இருக்கும்போது வரும், வேலை செய்தால் அடங்கும்). முழுக்கக் குணமாகாது, மாத்திரையால் சமாளிக்கலாம். குரலுக்கு மாத்திரை மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும்.

குரல் என்றதும்தான் பயந்தேன். கை ஆடினாலும் டிவி விற்கலாம், குரல் இல்லாமல் எப்படி விற்பது? நான் பயந்தபடியே கடை முதலாளி, “கொஞ்ச நாளைக்கு குடோனைப் பாத்துக்கங்க” என்றார். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். அங்கே பேச ஆளில்லை. வீட்டிலும் பேச்சு குறைந்தது. என் உதடு அசைந்தால் செல்வி பக்கத்தில் வந்து குனிந்து காதைக் கொடுப்பாள். அவள் அன்பாகத்தான் செய்தாள், எனக்கோ அழுகை வரும்.

அப்போதுதான் பேச்சுக்குக் கட்டுப்படும் டிவி ஒன்றை வீட்டில் மாட்டினேன். “சத்தத்தைக் கூட்டு” என்றேன். திரையில் வட்டம் சுற்றியது, ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி சொன்னேன். புரியவில்லை, மன்னிக்கவும் என்றது.

“தள்ளுங்க,” என்று செல்வி முன்னால் வந்தாள். “ஏம்ப்பா, கூட்டு!”

பூசணிக்காய்க் கூட்டு செய்முறை வந்து நின்றது. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்கு உறைத்தது. அவள் சொன்னது தப்பாகவாவது அதன் காதில் விழுந்தது. நான் சொன்னது விழவே இல்லை.

மறுவாரம் பேச்சுப் பயிற்சியாளரிடம் போனேன். “கத்துங்க சார்,” என்றார். கத்தினேன். தெருவே திரும்பிப் பார்க்கும் என்று கூச்சமாக இருந்தது. பதிவுசெய்ததைப் போட்டுக் காட்டினார். யாரோ சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

“அது நீங்கதான். ஒங்க காதுக்குள்ள இருக்குற அளவுகோல் மாறிப்போச்சு. கத்துற மாதிரி தோணுனா சரியாப் பேசுறீங்கன்னு அர்த்தம்.”

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு என் குரலை நானே நம்பக் கூடாது என்று கற்றுக்கொண்டேன்.

டிவியை வைத்தே பயிற்சி செய்தேன். மனிதர்கள் பாதி கேட்டு மீதியை ஊகித்துக்கொள்வார்கள், இரக்கப்படுவார்கள். டிவிக்கு இரக்கம் கிடையாது. சரியாகச் சொன்னால் செய்யும், இல்லாவிட்டால் மன்னிப்புக் கேட்கும். அதன் மன்னிப்பைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் பல மாலைகளில் ரிமோட்டைத் தேடி எடுத்தேன். தேவையே இல்லை என்று வாடிக்கையாளர்களிடம் நான் மட்டம் தட்டிய சாமான் அது. பொத்தானை அழுத்த விரல் தாமதித்தாலும் அது பொறுமையாகக் காத்திருந்தது.

இதே நோயோடு இதைப் படிப்பவருக்கு ஒன்று சொல்வேன். குரல், ரிமோட் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், எது முடிகிறதோ அதைப் பயன்படுத்துங்கள். வீட்டில் ஒருவர் பேச்சைக் குறைத்துக்கொண்டால், கோபம் என்று முடிவுகட்டாமல் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போது காலை நேரம் மட்டும் கடையில் விற்பனைக்கு நிற்கிறேன். என் நாள் கடிகாரப்படி ஓடுவதில்லை. மாத்திரையின் வேகம் உடலில் ஏறும்போது விடிகிறது, இறங்கும்போது அந்தி. நடுவில் உள்ள பொழுதில் பேச வேண்டியதைப் பேசிவிடுகிறேன்.

போன ஞாயிறு செல்வி அடுப்படியில் மிக்சி ஓட்டிக்கொண்டிருந்தாள். ஹாலில் இருந்து அவளைக் கூப்பிட்டேன். என் காதுக்கு அது ஊரைக் கூட்டும் சத்தம்.

“கேக்குது, கேக்குது! எதுக்கு இம்புட்டுக் கத்துறீக? வாரேன்!”

அவள் என்னைச் சத்தம் போட்டு எத்தனை காலம் ஆகிவிட்டது! எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றவள், என்ன வேண்டும் என்று கேட்டாள். கூப்பிட்ட காரணம் மறந்துபோயிருந்தது.

“சும்மாதான்,” என்றேன். நான் கத்தித்தான் சொன்னேன். அவளுக்கு அது சாதாரணமாகக் கேட்டது.