பிரேக் அக்காவின் படுக்கை

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்குப் பிரேக் அக்கா என்று பெயர். கார் பழக வருபவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கில் கால் வைத்தபடி, இமை கொட்டாமல் சாலையைப் பார்ப்பதுதான் வேலை. அதனாலோ என்னவோ, தூக்கம் அவளுக்கு லேசில் வராது. விரிப்பில் சின்னச் சுருக்கம் இருந்தாலும் எழுந்து உதறிப் போட்டுவிட்டுத்தான் படுப்பாள். அதிலும் ஒருக்களித்தால்தான் தூக்கம்; மல்லாந்தால் கூரையை முறைத்துக்கொண்டு கிடப்பாள்.

இப்படிப்பட்டவளைத்தான் தங்கை ஏரிக்கரைக்குக் கூப்பிட்டாள்.

"ரெண்டு குடும்பமும் சேர்ந்து போறோம்க்கா. டெண்ட்லதான் படுக்கை. நீ சாக்கு சொன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் கணவர் அன்று மாலையே பக்கத்து வீட்டு உடற்பயிற்சி விரிப்பை இரவல் வாங்கி வந்து கூடத்தில் விரித்தார். "படுத்துப் பாரு. செலவே இல்ல."

அக்கா ஒருக்களித்துப் படுத்தாள். இடுப்பெலும்பு நேராகப் போய்த் தரையை நலம் விசாரித்தது. "என்னங்க, இதுல படுக்கறதும் சும்மா தரையில கிடக்கறதும் ஒண்ணுதான். கிளம்புங்க கடைக்கு."

கூடாரச் சாமான்கள் விற்கும் கடையில், கடைப்பெண் முதலில் சுருட்டி வைத்த ஃபோம் விரிப்பைக் காட்டினாள். விலை குறைவு, எடையும் இல்லை. கணவருக்கு முகமெல்லாம் பல். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கடை நடுவிலேயே படுத்தாள். அந்தப் பெண் பதறிப்போனாள்.

"மேடம், எல்லாரும் கையால அமுக்கித்தான் பாப்பாங்க..."

"நான் கையால தூங்க மாட்டேன்மா."

ஃபோம் விரிப்பில் இடுப்பு வலித்தது. அடுத்தது காற்றடைக்கும் மெத்தை. மெத்தென்றுதான் இருந்தது. ஆனால் புரண்டு படுத்தபோது பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிப்பது போல் ஒரே சரசரப்பு. "இவ ராத்திரி பூரா புரளுவா. நான் எங்க போய்த் தூங்கறது?" என்றார் கணவர்.

மூன்றாவது, உள்ளே பஞ்சு வைத்தது. வால்வைத் திறந்துவிட்டால் தானே காற்றை இழுத்துக்கொள்ளும். சத்தம் இல்லை, அடியிலிருந்து குளிர் ஏறாது. விலையைக் கேட்டதும் கணவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

"இதே மாதிரி இன்னொண்ணு இருக்கு," என்று தயங்கினாள் கடைப்பெண். "போன வருஷத்து நிறம். யாரும் எடுக்கல. பாதி விலைக்குத் தரலாம்."

மஞ்சளா பச்சையா என்று சொல்ல முடியாத ஒரு நிறம். அக்கா அதில் ஒருக்களித்தாள். இடுப்பு அமிழ்ந்தது, ஆனால் தரையைத் தொடவில்லை. தோள் இறங்கியது. "கொஞ்சம் இருங்க, மறுபக்கமும் பாத்துடறேன்" என்று திரும்பிப் படுத்தவள் அதற்குப் பிறகு பேசவில்லை.

வேலையில் ஒரு நொடி கண் அசராதவள், முன்பின் தெரியாதவர்கள் தாண்டிப் போய்க்கொண்டிருக்க, வாயைத் திறந்து தூங்கிவிட்டாள். கணவர் அவளுடைய செருப்பைக் கையில் பிடித்தபடி காவல் நின்றார். எழுப்ப அவருக்கு மனசு வரவில்லை. கடைப்பெண் குரலைத் தாழ்த்தி, "பில் போட்டுடட்டுங்களா சார்?" என்றாள்.

"போடும்மா. எனக்கு அந்த ஃபோம் ஒண்ணு. நான் எங்க விழுந்தாலும் தூங்கிடுவேன்."

ஏரிக்கரையில் அந்த வீறாப்பு விடியும்வரைகூடத் தாங்கவில்லை. காலையில் அக்கா சுகமாகச் சோம்பல் முறித்துக்கொண்டு கூடாரத்தைவிட்டு வெளியே வந்தபோது, கணவர் போர்வைக்குள் குறுகிப்போய் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, தூங்கலையா?"

"தூக்கமா? குளிர் அடியிலிருந்து ஏறுது. முதுகுல எத்தனை எலும்பு இருக்குன்னு இப்பத்தான் தெரிஞ்சுது."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தன் படுக்கையில் தள்ளிவிட்டு, வாசலில் உட்கார்ந்தாள். ஓடி வந்த தங்கை பிள்ளைகளிடம் வாயில் விரலை வைத்துக் காட்டினாள். தங்கை தேநீரோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"மாமாவுக்கு உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லடி. சிக்கனம் பண்ணிட்டாரு."

வெயில் ஏறிய பிறகுதான் அவர் எழுந்தார். கிளம்பும்போது அந்தப் படுக்கையிலிருந்து காற்று வெளியே போவேனா என்றது. அக்கா ஒரு பக்கம் முட்டி போட்டுச் சுருட்ட, அவர் மறுபக்கம் ஏறி உட்கார, பிள்ளைகள் கைதட்ட, என்ன செய்தும் பைக்குள் போகவில்லை. கடைசியில் பாதி உப்பலோடு பின் இருக்கையில் திணித்தார்கள்.

"வால்வு சரியா மூடியிருக்கான்னு நான் பாத்துக்கறேன், நீ ஓட்டு" என்று கணவரும் பின்னால் ஏறிக்கொண்டார். முதல் வளைவு திரும்புவதற்குள் பின்னாலிருந்து குறட்டை கேட்டது. அக்கா கண்ணாடி வழியே ஒருமுறை பார்த்துவிட்டு, மேடுபள்ளம் பார்த்துப் பதமாக ஓட்டினாள்.