உப்புநீர்ப் போத்தலில் ஒரு பல்

போன ஞாயிறு குருநகரிலிருந்து அந்தோனி பேசினார். கோயில் பாண்டில் ட்ரம்பெட் ஊதுகிறவர். “பிலோமினா டொக்டர் எங்களை விட்டிட்டுப் போட்டா, ஐயா. அடக்கத்துக்கு நான்தான் ஊதுறன்” என்றார். எனக்கு அழுகை வந்தது. அது அடங்கியதும் நான் முதலில் கேட்டது அந்தோனியின் முன்பல்லைப் பற்றி. தொழில் புத்தி எங்கே போகும்! பத்து வருசத்துக்கு மேல் நின்று, பிறகுதான் விழுந்ததாம்; இப்போது கட்டுப்பல்லோடு ஊதுகிறாராம். பிலோமினா அக்காவை அறிந்தவர்கள் என்னை மன்னிப்பார்கள். அவரை நான் சரியாக அறிந்ததே அந்தப் பல்லால்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்துக்கு மருந்து வருவதே அருமையாகிவிட்ட காலம். ஒரே அறையில் நாங்கள் இரண்டு பல் வைத்தியர்கள். நான் உடுப்பிட்டிக்காரன், அவசரக்காரன். அக்கா குருநகர் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை, எதையும் மூன்று தரம் பார்ப்பவர். அந்தோனியின் முன்பல்லுக்கு வேர்ச்சிகிச்சை செய்யும்போது என் கை தவறி, வேரின் பக்கத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. கோயில் திருநாளுக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. பல் போனால் மனிதரால் ஊத முடியாது; கட்டுப்பல் கட்டிப் பழக நாளும் இல்லை. தற்காலிகமாக அடைத்து, நடந்ததைச் சொல்லாமல் அனுப்பிவிட்டேன்.

அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவர் ஏசவில்லை. “முதலிலை அவரிட்டைச் சொல்லும். மருந்தைப் பிறகு பாப்பம்” என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. சொல்வதை விட்டுவிட்டு மருந்தைத் தேடினேன்.

கைவசம் இருந்த அடைப்பு மருந்துகள் மூன்று: கராம்புத் தைலப் பசை, வெள்ளிக்கலவை, போத்தலின் அடியில் கொஞ்சம் கிளாஸ் அயனமர் தூள். எது வேரைக் கெட்டியாகப் பிடிக்கும்? பிடுங்கிய பற்களின் வேர்களை அராவி, ஒவ்வொன்றிலும் ஒரு மருந்தை ஒட்டி, அதற்குள் கம்பி வளையம் பதித்து, தங்கூசி நைலோன் நூலில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைத் தொங்கவிட்டேன். மூன்றும் விழுந்தன. கிளாஸ் அயனமர் இரண்டாவது குண்டிலேயே கழன்றது. அதை ஒதுக்கிவிட்டேன்.

அக்கா யன்னலோரம் வெயிலில் இருந்த என் பற்களை எடுத்துப் பார்த்தார். “வாய்க்குள்ளை இருக்கிறது மீன். நீர் சோதிக்கிறது கருவாடு” என்றார். தன் உப்புநீர்ப் போத்தலில் ஊறிய பற்களைத் தந்தார். மற்ற இரண்டும் முன்போலவே விழுந்தன. ஈரம் காயாத வேரில் கிளாஸ் அயனமர் மட்டும் ஒன்பது குண்டைத் தாங்கியது. கடைசியில் நூல்தான் அறுந்தது.

மிஞ்சிய தூள் ஒரு பல்லுக்குத்தான் காணும். அக்கா அதைக் கையில் பொத்திக்கொண்டு, “சொல்லிப்போட்டு வாரும்” என்றார். அந்தோனியிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு வாயைத் திறந்தார். அந்தத் தூளால் ஓட்டையை அடைத்தேன். திருநாளன்று அவர் ஊதியதை நானும் அக்காவும் கோயில் வாசலில் நின்று கேட்டோம்.

அடுத்த மாதம் அக்கா நாற்காலியில் வந்து அமர்ந்து, தன் கீழ்ப்பல்லைப் பிடுங்கச் சொன்னார். வேரோரத்தில் ஒரு சொத்தை. வேளைக்கே அடைத்திருக்கலாமே என்று சத்தம் போட்டேன்.

“அதுக்கு வைச்சிருந்த தூள்தான் அந்தோனியின்ரை வேருக்குள்ளை இருக்கு. கதையாமல் பிடுங்கும்.”

வெட்கத்தோடு நான்தான் பிடுங்கினேன். வாயில் பஞ்சோடு அவர் அந்தப் பல்லைக் கழுவி உப்புநீரில் போட்டார். அடுத்த சோதனைக்கு உதவுமாம்.

தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்தபோது என் சான்றிதழ்கள்கூட வீட்டிலேயே தங்கிவிட்டன. அக்கா கையில் தந்த அந்தப் போத்தலை மட்டும் கொண்டுவந்தேன். இன்றைக்கும் கை தவறினால், கை கழுவ முன்னரே நோயாளியிடம் சொல்லிவிடுகிறேன். போத்தல் என் மேசையில்தான் இருக்கிறது. அக்காவின் பல்லை நான் ஒரு நாளும் காயவிட்டதில்லை.