உப்பளக் கரையில் சீலா மீனும் மோட்டார் சைக்கிள் வரலாறும்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாற்பத்தெட்டு வயதில், கொக்குகளைத் தவிரப் பார்க்க யாருமில்லாத ஓர் உப்பளக் கரையில், கீழே கால் ஊன்றினால் மதிப்பெண் போய்விடுமே என்ற கவலையில் நான் பைக்கோடு சேற்றில் விழுந்தேன். அங்கே போட்டி எதுவும் நடக்கவில்லை. மதிப்பெண் போட ஆளும் இல்லை.

காரணம், ஜங்ஷன் பழைய பேப்பர் கடையில் மூன்று ரூபாய்க்கு வாங்கிய ஓர் ஆங்கிலப் பத்திரிகை. மேடு பள்ளத்தில் ஓடும் மோட்டார் சைக்கிள்களின் பூர்வ கதை அதில் எட்டுப் பக்கம் இருந்தது. மோட்டார் சைக்கிள் பிறந்த காலத்தில் நல்ல சாலையே அபூர்வம். ஆகவே எல்லா வண்டியும் காட்டு வண்டிதான். சாலைகள் சீரான பிறகே சீரில்லாத இடத்தைத் தேடிப் போகும் ஆசை மனிதனுக்கு வந்தது. இங்கிலாந்தில் பாறையிலும் ஓடையிலும் ஓட்டிக்காட்டும் சோதனைப் போட்டிகள் வைத்தார்கள். வேகம் பெரிதல்ல, கால் ஊன்றாமல் ஏற வேண்டும், ஊன்றினால் மதிப்பெண் குறையும். 1924இல் சிலருக்கு இது சலித்துவிட்டது. முந்தி வருகிறவன் வென்றவன் என்று புதர்க்காட்டில் ஒரு பந்தயம் விட்டார்கள். அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடியதையே பெயராக்கி ‘ஸ்கிராம்பிள்’ என்றார்கள். பின்னால் பிரெஞ்சுக்காரர்கள் அதை ‘மோட்டோகிராஸ்’ ஆக்கினார்கள்.

படித்ததோடு நிறுத்தியிருக்கலாம். இருபத்திரண்டு வருடமாகக் காப்பீட்டு அலுவலகத்தில், மற்றவர்களின் விபத்துகளைக் கோப்பில் படித்துவந்தவனுக்கு ஒருநாளாவது வண்டியைச் சாலையிலிருந்து இறக்கிப் பார்க்கத் தோன்றியது.

1998 ஜனவரி 26, குடியரசு தின விடுமுறை. காலை ஆறேகாலுக்குப் பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பினேன். திட்டம், தாமிரபரணி கடலில் சேரும் புன்னக்காயல்வரை போய்வருவது. செய்துங்கநல்லூர், கருங்குளம் தாண்டும்போது வாழைத் தோட்டங்களிலிருந்து வந்த குளிரில் காது மரத்தது. ஏழரைக்கு ஆழ்வார்திருநகரியில் நான்கு இட்லி, ஒரு காபி, எட்டு ரூபாய். குரும்பூரில் பிரிந்து வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே ஆத்தூர் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டே முக்கால். மீட்டரில் ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடியிருந்தது.

ஆத்தூர் தேநீர்க்கடைக்காரர் வழி சொன்னார். “ரோட்ட மழை அரிச்சிட்டுப் போயிட்டு அண்ணாச்சி. எல்லாரும் உப்பளக் கரை மேலதான் போறாவ. ஒத்த வண்டி போற அகலந்தான். எதுக்க மீன் பெட்டியோட வண்டி வந்தா, வெறும் வண்டிதான் நின்னு ஒதுங்கணும். அதான் இங்கன வழக்கம். பைய போங்க.”

ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் நான் தேடி வந்த மோசமான பாதை, கேட்காமலே கிடைத்தது. ‘நின்னு ஒதுங்கணும்’ என்பது மட்டும் உறுத்தியது. நின்றால் கால் ஊன்ற வேண்டுமே.

ஒன்பதரை. கரையில் முக்கால் கிலோமீட்டர் கால் ஊன்றாமல் போயிருந்தேன். இரு பக்கமும் வாய்க்கால், அப்பால் பாத்திகளில் வெள்ளையாக உப்பு. களிமண் முன்சக்கரத்தில் அப்பிக்கொண்டே வந்தது. அப்போது எதிரே ஒரு பைக், பின்னால் நீலப் பெட்டி. அவன் ஹாரன் அடித்தான். நான் உருட்டிக்கொண்டே ஓரம் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். மறுபடி அடித்தான். களிமண் இறுகிச் சக்கரம் நின்றது. நான் கரைக்குக் குறுக்கே விழுந்தேன். என் மேல் ஏற்றாமலிருக்க அவன் வண்டியைத் திருப்பி, வாய்க்காலில் இறங்கினான்.

“ஏன் வே! காலு எதுக்கு இருக்கு? ஊனி நிக்கத் தெரியாதா?”

முப்பது வயதிருக்கும். இடுப்பளவு தண்ணீரில் நின்று, வண்டியை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தான். பெட்டி நனையவில்லை. எஞ்சின் முழுக முழுகத் தண்ணீர் குடித்துவிட்டது. இருவரும் சேர்ந்து இழுத்துக் கரையேற்றி, பத்து உதை உதைத்தும் அது இருமக்கூட இல்லை.

பெயர் மிக்கேல். பெட்டியில் இரண்டு சீலா மீன். அன்று அவன் தங்கச்சிக்கு நிச்சயம். ரோடு கெட்டதால் குரும்பூரில் மாமா வீட்டில் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் அங்கே வந்தாயிற்று.

“பத்தரைக்குள்ள மீனு அடுப்படில இருக்கணும். மாப்பிள்ளைக்கு ஒரு அத்தை இருக்கு. ‘கடக்கரைலதான் பொண்ணெடுக்கோம், நல்ல மீனாவது திம்போமா’ன்னு மூணு மாசமா சொல்லுது. ஐஸு உருகுறதுக்குள்ள நான் போகலைன்னா தங்கச்சிய ஆயுசுக்கும் சொல்லிக் காட்டும்.” எனக்குச் சேற்றுக்குள்ளேயே போய்விடலாமா என்றிருந்தது.

“என் வண்டிய எடுத்துக்கோங்க” என்றேன்.

அவன் என் முன்சக்கரத்தைப் பார்த்தான். மட்கார்டுக்குள் களிமண் சிமெண்டாக இறுகியிருந்தது. இடுப்பிலிருந்து ஸ்பேனரை எடுத்து நான்கு போல்டைக் கழற்றி, மட்கார்டை உருவிப் போட்டான். சக்கரம் சுற்றியது. அப்போதுதான் அவன் வண்டியைச் சரியாகப் பார்த்தேன். முன்னால் மட்கார்டு கிடையாது. சைலன்சரை வெட்டி, மேல்நோக்கித் தூக்கிப் பற்றவைத்திருந்தது. உப்பு தின்ற விளக்கைக் கழற்றிவிட்டிருந்தான். அந்தப் பத்திரிகையின் எட்டுப் பக்கத்தில் நான் பார்த்த படம் அப்படியே கண்முன்னால் கிடந்தது.

“மிக்கேல், இங்கிலாந்துல இதே மாதிரிதான் மட்கார்டக் கழத்தி, சைலன்சரத் தூக்கி வச்சாங்க, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நாலுல...”

“அண்ணாச்சி, இப்பம் மணி ஒம்பதே முக்கால். ஏறுங்க.”

பெட்டியைக் கட்டியிருந்த ரப்பர் டியூப் வாய்க்காலோடு போய்விட்டதால் பெட்டியை நான்தான் பிடிக்க வேண்டும். ஏழு தலைமுறையாக முட்டைகூடத் தொடாத சைவக் குடும்பத்தின் வாரிசு, இரண்டு சீலா மீனை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். ஐஸ் தண்ணீர் பேண்ட் வழியே இறங்கிச் செருப்பில் தேங்கியது. மிக்கேல் வழுக்கும் இடத்திலெல்லாம் தயங்காமல் இரண்டு காலையும் ஊன்றி, தத்தித் தத்தி ஓட்டினான். அந்தக் காலத்துப் போட்டியில் அவனுக்குப் பூஜ்யம்தான் கிடைத்திருக்கும். நாங்கள் ஒருமுறைகூட விழவில்லை.

பத்து முப்பத்தைந்துக்குக் குரும்பூர். அத்தை வாசலிலேயே நின்றிருந்தார். பெட்டியைத் திறக்கச் சொல்லி, ஒரு மீனின் செவுளை விரலால் தூக்கிப் பார்த்தார். பிறகு மற்றதையும். அவர் தோளுக்குப் பின்னால், பட்டுச் சேலையில் மிக்கேலின் தங்கச்சி மூச்சுவிடாமல் நின்றாள். நானும்தான்.

“ரத்தம் மாதிரில்லா செவந்து கெடக்கு, புது மீனுதான்” என்றார் அத்தை. “வாங்க, உள்ள வாங்க.”

மத்தியானம் எல்லோரும் குழம்பைப் புகழ, எனக்கு ரசமும் அப்பளமும் தனியாக வந்தன. தங்கச்சியே பரிமாறினாள். “மீனத்தான் சாப்பிட மாட்டீங்க, பாயாசமாவது குடிங்க” என்று இரண்டு டம்ளர் வைத்தாள். மூன்று மணிக்கு மிக்கேலை உப்பளக் கரையில் இறக்கிவிட்டுத் திரும்பினேன். வெறும் வண்டியாகத் திரும்பும்போது அது ஏனோ கனமில்லாமல் அலைபாய்ந்தது. பாளையங்கோட்டையில் என் மனைவி வாடையை முகர்ந்து, வெளிக் குழாயடியிலேயே இரண்டுமுறை குளிக்க வைத்தபிறகுதான் உள்ளே விட்டாள். வண்டிக்கு நான்கு நாள் தெருவில்தான் வாசம்.

பதினைந்து நாள் கழித்து மிக்கேல் வீட்டுக்கு வந்தான். செய்தித்தாளில் சுற்றி, நான் கரையிலேயே மறந்துவிட்ட மட்கார்டைக் கொண்டுவந்திருந்தான். காபி கொடுத்து, அன்று பாதியில் நின்ற வரலாற்றை முழுதாகச் சொன்னேன். கவனமாகக் கேட்டான்.

“அந்தப் பந்தயத்துல ஒரு வண்டிக்கு எத்தன கிலோ ஏத்துவாங்க, அண்ணாச்சி?”

“ஒண்ணும் ஏத்த மாட்டாங்க. சும்மாதான் ஓட்டுவாங்க.”

“எங்க கொண்டு போய்ச் சேரும்?”

“கிளம்பின இடத்துக்கே திரும்பி வரும்.”

மிக்கேல் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கதவோரம் நின்ற என் மனைவியிடம் ஆறுதலாகச் சொன்னான்: “நம்ம அண்ணாச்சி ஒருத்தர்தான் இப்பிடின்னு நெனச்சேன் மதினி. அங்கனயும் நெறய பேரு இருந்திருக்காவ.”