சிஸ்டம் அக்கா எடுத்த கை அளவு

வெள்ளிக்கிழமைகளில் சிஸ்டம் அக்காவின் சாப்பாட்டுப் பையில் இரண்டு டப்பாக்கள் இருக்கும். ஒன்றில் தயிர்சாதமும் மாவடுவும். இன்னொன்றில், பழைய பருத்தித் துணியில் சுற்றி, செருப்புக் கடைகளில் கேட்டு வாங்கிய ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு ஒரு ஹார்ட் டிஸ்க். எங்கள் கடல் ஆய்வு நிலையத்தின் அத்தனை தரவும் அந்த டப்பாவுக்குள் ஏறி, ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸில் அவர் மடிமேல் உட்கார்ந்து ஊருக்குப் போகும். திங்கட்கிழமை வேறொரு டிஸ்க் திரும்பி வரும். துறைமுகச் சாலையில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த கட்டடம் எங்களுடையது. உப்புக் காற்று கீபோர்டின் திருகைக்கூட விட்டுவைக்காது. பத்துப் பிரதி எடுத்தாலும் ஒரே கூரைக்குக் கீழே வைத்தால் அது ஒரு பிரதிதான் என்பது அவர் கட்சி. வாசலில் காவலாளி அண்ணாச்சி பையைத் தொட்டுப் பார்த்து, இன்றைக்கு என்ன குழம்பு என்று விசாரிப்பார். சுடும், கையை எடும் என்று சொல்லிவிட்டு இவர் நடந்துவிடுவார்.

அவருக்கு அலுவலகத்தில் கொடுத்திருந்த பதவி உதவியாளர். ஆனால் இயக்குநர் முதல் தோட்டக்காரர் வரை எல்லாருக்கும் அவர் சிஸ்டம் அக்காதான். கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் எழுப்புவது, ஆராய்ச்சி மாணவர்களின் கணக்கு நிரலில் பிழை பார்ப்பது, வெளியூர் விஞ்ஞானிகள் தரவு கேட்டால் தேடி அனுப்புவது எல்லாம் அவர் வேலை. கட்டுரைகள் வெளிவரும்போது அவர் பெயர் எங்கும் இருக்காது. நன்றி சொல்லும் இடத்தில்கூட 'கணினிப் பிரிவு' என்றுதான் போடுவோம். பிரிவு என்றால் அவர் ஒருவர்தான். நானும் அப்படிப் போட்டவன்தான். மாப்பிள்ளையூரணியில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகன், பெரிய படிப்புப் படித்து விஞ்ஞானியாகத் திரும்பி வந்திருந்தேன். தலைக்கனம் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

எங்கள் நிலையத்தில் பழைய நோட்டுகள் ஒரு பீரோ நிறைய இருந்தன. முத்துச் சிப்பி விளையும் கடலடிப் பாறைத் திட்டுகளை இந்தப் பக்கம் பார் என்பார்கள். ஒவ்வொரு பருவத்திலும் படகில் போய், ஒவ்வொரு பாரிலும் ஆள் இறக்கி, சிப்பி எவ்வளவு இருக்கிறது, ஆழம் என்ன என்று எழுதிவைத்த நோட்டுகள் அவை. ஆழம் எல்லாம் பாகக் கணக்கில் இருக்கும். ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் விட்டு, மேலே இழுக்கும்போது இரண்டு கைகளையும் அகல விரித்து அளப்பார்கள். ஒரு விரிப்பு ஒரு பாகம். அந்த நோட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும் பொதுத் தரவுக் காப்பகம் ஒன்றில் சேர்ப்பதுதான் என் திட்டம். ஒரு பாகம் ஆறடி என்று வைத்து, எல்லாவற்றையும் மீட்டராக மாற்றி ஏற்றினால் போதும் என்று அக்காவிடம் சொன்னேன்.

அவர் அப்படிச் செய்யவில்லை. நோட்டில் இருந்த பாகத்தை அப்படியே ஒரு கட்டத்துக்குள் டைப் அடித்தார். மீட்டர் பக்கத்துக் கட்டத்தில் போனது. அதோடு நிற்கவில்லை. காற்று எந்தப் பக்கம், எழுதியவர் யார், பக்கத்தின் மூலையில் பென்சிலால் கிறுக்கியிருந்த தண்டலின் பெயர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஏற்றினார். தண்டல் என்றால் படகை நடத்துகிறவர், ஆழம் பார்ப்பதும் அவர்தான். ஆறு மாதத்தில் முடிய வேண்டிய வேலை இரண்டு வருஷம் இழுத்தது. ஒருநாள் பொறுமை போய், படகோட்டியின் பெயரை வைத்து எந்த விஞ்ஞானி என்ன செய்யப் போகிறான் என்று எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டேன். "தெரியல சார். தேவையில்லன்னு முடிவு பண்ண நான் யாரு?" என்றார். அது பணிவா குத்தலா என்று அப்போது எனக்குப் புரியவில்லை. இப்போது நன்றாகப் புரிகிறது.

தொகுப்பை அனுப்பி ஒரு மாதம் கழித்துக் காப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. உங்கள் தரவின் பிற்பாதி, இன்று ஒலி அனுப்பி ஆழம் பார்க்கும் கருவி காட்டுகிற ஆழத்தோடு பொருந்துகிறது. முற்பாதி பொருந்தவில்லை. ஒரு குறிப்பிட்ட பருவத்தில் எல்லாப் பார்களும் ஒரே சமயத்தில் சுமார் ஐந்தடி கீழே இறங்கியதுபோல் இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் காரணம் சொல்ல முடியாவிட்டால் முற்பாதியை நம்பத் தகாதது என்று நீக்கிவிடுகிறோம். இதுதான் விஷயம். பார்களில் சிப்பி மண்டிக் கிடந்த வருஷங்கள் அந்த முற்பாதியில்தான் இருந்தன. பிற்பாதியில் பெரும்பாலும் வெறும் பாறைதான். முற்பாதி போனால், இந்தக் கடல் ஒருகாலத்தில் எப்படி இருந்தது என்பதற்கு இருந்த ஒரே சாட்சியும் போனது. அது தெரிந்தும், வாதாடத் தெம்பில்லாமல், எடுத்துவிடுங்கள் என்று பதில் எழுத உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

அக்காதான் தடுத்தார். ஒரு நாள் அவகாசம் கேட்டார். மறுநாள் காலை என் மேஜையில் ஒரு தாளை வைத்தார். கடல்தரை இறங்கிய பருவத்தையும், மூலையில் இருந்த பென்சில் பெயர் மாறிய பருவத்தையும் அருகருகே போட்டிருந்தார். இரண்டும் ஒன்று. "கடலு இறங்கல சார். அளந்த ஆளு மாறியிருக்காரு. முதல்ல இருந்தவருக்குக் கை நீளமா இருந்திருக்கும்" என்றார். நீளக் கைக்காரர் பத்துப் பாகம் என்று சொல்லும் இடத்தை, சாதாரணக் கைக்காரர் கிட்டத்தட்டப் பதினொன்று என்பார். இருவருக்கும் ஆறடி என்று பொதுவாகப் போட்ட புத்திசாலி நான். எங்கள் அப்பா தராசுக் கல்லில் முத்திரை தேய்ந்திருந்தால் சரக்கே நிறுக்க மாட்டார். அவர் பிள்ளை, யாருடைய பாகம் என்று ஒரு வார்த்தை கேட்காமல் கடலையே நிறுத்துக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது தண்டல் திரேஸ்புரத்தில் உயிரோடு இருந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா ஸ்டீல் டேப்போடு அவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்து நடந்ததைச் சொன்னார். சுவரோடு நிற்கவைத்துக் கையை விரிக்கச் சொன்னால், பெரியவருக்குத் தோள் ஒத்துழைக்கவில்லையாம். ஆறடிக்கு இரண்டு விரற்கடை குறைந்திருக்கிறது. அவர் விடவில்லை. இளவயசில் இன்னும் ரெண்டு விரற்கடை கூட இருக்கும், அதையும் எழுதிக்கிடணும் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார். அக்கா அதையும் எழுதிக்கொண்டு வந்தார். நான் சிரித்தேன். ஆனால் கருவி காட்டும் ஆழத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்த இரண்டு விரற்கடையையும் சேர்த்தால்தான் கணக்குச் சரியாக வந்தது. பெரியவரின் பாகம் ஆறடியேதான்.

முதல் தண்டல் வேம்பார்க்காரர். இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. செத்துப்போனவரின் கையை எப்படி அளப்பது என்று நான் கைவிரித்துவிட்டேன். சும்மா விசாரித்துவிட்டாவது வருவோம் என்று அக்கா கிளம்ப, நானும் கடற்கரைச் சாலை பஸ்ஸில் கூடப் போனேன். வீட்டில் அவருடைய மகள் இருந்தார். உப்பளத்து வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். நான் முந்திக்கொண்டு, உங்கள் அப்பா அளந்ததில் ஐந்தடி வித்தியாசம் வருகிறது என்று ஆரம்பித்துத் தொலைத்தேன். அந்த அம்மாள் முகம் மாறிவிட்டது. "எங்கப்பா தப்பா அளந்தாருன்னு சொல்லவா இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்திய?" என்று கேட்டார்.

அக்காதான் பேசினார். "இல்லம்மா. உங்கப்பா சரியாத்தான் அளந்திருக்காரு. அவரு கை எம்புட்டு நீளம்னு கேக்காம விட்டது நாங்கதான்."

அந்த அம்மாளின் முகம் தெளிந்தது. பிறகு, அப்பா இந்த வாசலில் குனியாமல் ஒருநாளும் நுழைந்ததில்லை என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய், ஒரு சாக்குப் பையை எடுத்து வந்தார். உள்ளே ஈயக்குண்டோடு சுருட்டிய கயிறு. கடைசிக் காலத்தில் அவருக்குக் கண் மங்கியதால், பாகத்துக்கு ஒரு முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறார், விரல் தடவி எண்ணிக்கொள்ள. தூக்கிப் போட மனமில்லாமல் மகள் வைத்திருந்தார். கயிற்றைத் தெருவோடு நீட்டிப் பிடித்தோம். ஒரு முனையை அந்த அம்மாள் பிடிக்க, மறுமுனையை நான் பிடிக்க, அக்கா மண்டியிட்டு முடிச்சு முடிச்சாக அளந்துகொண்டே போனார். எதிர்வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். சராசரி ஆறரை அடி வந்தது. எங்கள் பார்கள் எல்லாம் பத்துப் பாகத்தை ஒட்டிய ஆழம்தான்; பத்துப் பாகத்துக்கு வித்தியாசம் ஐந்தடி. நான் தெருவென்றும் பாராமல் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். அக்கா நோட்டில், கயிறு வருஷக்கணக்கில் கிடந்து சற்றுச் சுருங்கியிருக்கலாம் என்று எழுதிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு தண்டலுக்கும் அவரவர் பாகத்தை வைத்துத் திருப்பிக் கணக்குப் போட்டதும் அந்த ஐந்தடிப் பள்ளம் மறைந்துவிட்டது. அக்கா பழைய கட்டம் எதையும் அழிக்காமல் வைத்திருந்ததால் இது ஒரு பிற்பகல் வேலையாக முடிந்தது. நான் சொன்னபடி மீட்டரை மட்டும் ஏற்றியிருந்தால், யார் அளந்தது என்று தெரிந்திருக்கவே வழியில்லை. எப்படி அளந்தோம், யாரை அளந்தோம், எதில் சந்தேகம் இருக்கிறது என்று ஒளிவுமறைவில்லாமல் ஒரு விளக்கக் குறிப்பை அவரே எழுதினார். காப்பகம் முழுத் தொகுப்பையும் ஏற்றுக்கொண்டு, தரவை உருவாக்கியவர்களின் பெயர்களை வரிசையாகக் கேட்டது. பழக்க தோஷத்தில் என் பெயரை முதலில் எழுதிவிட்டு, இரண்டாவதாக அக்கா பெயரைப் போட்டேன். பெரிய மனசுக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு அவரிடம் காட்டவும் செய்தேன்.

"சார், நான் டைப் அடிச்சேன். நீங்க மீட்டராக்குனிய. கடல்ல அளந்தது யாரு?" என்று கேட்டார்.

அதுவும் தப்பாக மீட்டராக்கினேன் என்பதை அவர் சொல்லவில்லை, அது அவருடைய மரியாதை. வரிசையை மாற்றினோம். வேம்பார்த் தண்டல், திரேஸ்புரத்துத் தண்டல், அக்கா, நான். வெளியானதும் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு அக்கா தனியாக வேம்பாருக்குப் போய்வந்தார். மகள் அப்பாவின் பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு, இதை இனி யாரும் அழிக்க முடியாதே என்று ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுக்கொண்டாராம்.

அக்கா பணி ஓய்வு பெற்று ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறார். இப்போது எங்கள் தரவெல்லாம் பல ஊர்களில் உள்ள கம்ப்யூட்டர்களில் தானாகவே பிரதியாகிவிடுகிறது, யாரும் மடியில் வைத்துச் சுமக்க வேண்டாம். சென்ற மாதம் இங்கே ஒரு கருத்தரங்கு. பார்களில் மறுபடியும் சிப்பி வளர்க்க முடியுமா என்று ஆராயும் இளம்பெண் ஒருத்தி பேசினாள். எந்தப் பார், எந்த ஆழத்தில், எப்போது சிப்பி நிறைந்திருந்தது என்று அவள் காட்டிய படம் முழுக்க எங்கள் முற்பாதிதான். கேள்வி நேரத்தில் ஒருவர், கையால் அளந்த பழைய ஆழத்தை எப்படி நம்புகிறீர்கள் என்று மடக்கினார். அவள் கொஞ்சமும் தயங்காமல் அக்காவின் குறிப்பைத் திரையில் போட்டு, சுருங்கிய கயிறு வரை வாசித்துக் காட்டினாள். பின்வரிசையில் இருந்த எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கூட்டம் முடிந்து அவளிடம் போனேன். என் பதவி, நான் வாங்கிய விருது, எழுதிய கட்டுரைகள் எல்லாம் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளத்தான் போனேன். அவள் என் சட்டையில் தொங்கிய அட்டையைப் படித்துவிட்டு முகம் மலர்ந்தாள்.

"சார், அந்தத் தொகுப்புல நாலாவது பேரு நீங்கதானா?"

வேறு எதையும் சொல்லத் தோன்றவில்லை. "ஆமாம்மா, நாலாவது ஆள் நான்தான்" என்றேன்.